துடுப்பே துணை

அமெரிக்க மேற்குப் பகுதியின் காட்டாறுகளில் மிதவைப் படகு ஓட்டுபவருக்குத் துடுப்புதான் பிரேக், ஸ்டீயரிங் எல்லாம். அதைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கோட்டைவிடுகிறார்கள்.

1869 ஆகஸ்ட் மாத நடுப்பகுதி. கொலராடோ நதியின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் மூன்று படகுகளும் ஒன்பது பேரும். சாப்பாட்டு மாவில் பூசணம். துடுப்புகளில் பல உடைந்தோ தொலைந்தோ போயிருந்தன. குழுவின் தலைவர் ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டு பக்கமும் பல ஆயிரம் அடி உயரத்துக்குக் கல் சுவர். துடுப்பு செய்ய நல்ல மரம் எதுவும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. 'பிரைட் ஏஞ்சல்' என்று அவர்களே பெயர் சூட்டிய சிற்றாற்றின் வழியே மேலே நடந்தபோது, சுமார் இரண்டு மைல் தொலைவில் ஒரு பெரிய பைன் கட்டை கிடைத்தது. மேட்டுநிலக் காட்டிலிருந்து வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டது. உடம்பெல்லாம் அடிபட்ட தழும்பு. அதை அறுத்துத் துடுப்பு செதுக்கிய பிறகே பயணம் தொடர்ந்தது.

துடுப்பு இல்லாமல் ஏன் மிதந்து போகக்கூடாது? தண்ணீர்தான் இழுத்துக்கொண்டு போகிறதே? சமவெளி நதியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எழும் இந்தக் கேள்விக்கு பவல் குழுவின் அனுபவமே பதில். அவர்களுடைய படகுகள் அடிக்கட்டை உள்ள, நேராக ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தண்ணீரைவிட வேகமாகப் படகைச் செலுத்த வேண்டும். ஏரிக்கு இது சரி. பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றில், ஆபத்தைப் பார்க்காமலே அதை நோக்கி விரைவது போன்றது. ஜூன் மாதமே, லோடோர் பள்ளத்தாக்கில், அவர்களுடைய நான்கு படகுகளில் 'நோ நேம்' என்ற படகு பாறையில் மோதி நொறுங்கியிருந்தது.

இந்த முறையைத் தலைகீழாக்கியவர் யூட்டா பகுதியைச் சேர்ந்த நத்தானியேல் கேலவே. பொறி வைத்து விலங்கு பிடிக்கும் தொழில்காரர்; பொறியியல் படித்தவர் அல்ல. 1890களில் அவர் அடி தட்டையான, எடை குறைந்த படகைக் கட்டி, நீரோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முன்னால் பாறை தெரிந்தால் படகின் மூக்கைச் சற்றே சாய்த்து, பின்னோக்கி வலிப்பார். படகு தண்ணீரைவிட மெதுவாகப் போகும். பாறையை நெருங்குவதற்குள் குறுக்கே நகர்ந்து விலக அவகாசம் கிடைக்கும். 1909இல் ஜூலியஸ் ஸ்டோன் என்ற தொழிலதிபரின் குழுவை கிராண்ட் கேன்யன் வழியாக அழைத்துச் சென்றது அவர்தான். இன்றைக்கும் மேற்கு அமெரிக்க நதிகளில் துடுப்பு வலிக்கும் எவரும் செய்வது கிட்டத்தட்ட கேலவே செய்ததைத்தான்.

மிதவைப் படகு என்று இன்று சொல்லப்படுவது ஓரிகன் மாநிலத்தின் மெக்கன்சி நதியில் உருவானது. கேஸ்கேட் மலையில் உள்ள தெளிநீர் ஏரி ஒன்றில் பிறந்து, சுமார் 145 கிலோமீட்டர் ஓடி, யூஜீன் நகருக்கு அருகே வில்லமெட் நதியில் சேரும் ஆறு இது. மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகளின் தேவைக்காக 1920களிலிருந்து படகின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. அதற்கு முழு உருவம் கொடுத்தவர்களில் வுடி ஹிண்ட்மன் முக்கியமானவர். வாழைப்பழம் போல் முன்னும் பின்னும் வளைந்து உயர்ந்த அடி, வெளியே விரிந்த பக்கச் சுவர்கள், 14 முதல் 17 அடி நீளம். நடுவே ஒருவர் இரண்டு துடுப்புகளுடன்; முன்னால் ஒரு தூண்டில்காரர், பின்னால் ஒருவர். அடிக்கட்டை கிடையாது என்பதால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலும். துடுப்பை விட்டுவிட்டாலும் அப்படியேதான் சுழலும்.

கையில் தூக்கிப் பிடித்துப் போடும் துடுப்பு வேறு, படகின் விளிம்பில் மாட்டி நெம்புகோலாக இழுக்கும் துடுப்பு வேறு. இரண்டாவதற்குத் தமிழில் 'தண்டு' என்ற பழைய சொல் உண்டு. 'தண்டு வலித்தல்' பைபிள் தமிழில் இன்னும் இருக்கிறது. பேச்சில் இரண்டுமே துடுப்பாகிவிட்டன. ஒகேனக்கல் பரிசல்காரர் கையில் இருப்பது முதல் வகை. ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில் ரப்பர் படகில் ஏறும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பதும் அதுவே. ஆனால் பல நாள் நீளும் இமயமலை நதிப் பயணங்களில், மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வரும் படகைக் கவனித்தால், உலோகச் சட்டத்தின் நடுவே ஒருவர் உட்கார்ந்து இரண்டு நீண்ட துடுப்புகளை இழுத்துக்கொண்டிருப்பார். மெக்கன்சி படகோட்டிக்கும் அவருக்கும் பிரச்சினை ஒன்றேதான்.

முதலில் நீளம். மிதவைப் படகை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குபவர்கள், கூடவே வரும் துடுப்பு எதுவானாலும் சரி என்று ஏற்றுக்கொள்வது சகஜம். பழைய படகாக இருந்தால் அந்தத் துடுப்பு வேறு ஏதோ படகுக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். துடுப்பு பொருந்த வேண்டியது படகின் நீளத்துக்கு அல்ல. துடுப்பைத் தாங்கும் இரண்டு கவைகளுக்கும் இடையே உள்ள அகலத்துக்கு. மெய்ன் மாநிலத்தில் 1858 முதல் துடுப்பு செய்துவரும் ஷா அண்ட் டென்னி நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது: கவைகளின் இடைவெளியைப் பாதியாக்கி 2 அங்குலம் கூட்டினால், துடுப்பில் படகுக்குள் இருக்க வேண்டிய பகுதி கிடைக்கும். அதை 25ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் மொத்த நீளம். இடைவெளி 60 அங்குலம் என்றால் உள்பகுதி 32. மொத்தம் சுமார் 114 அங்குலம், அதாவது ஒன்பதரை அடி. சாதாரணப் படகுகளை மனதில் வைத்த கணக்குதான். ஆனாலும் ஓரிகன் ஆறுகளில் காணப்படும் ஒன்பது, ஒன்பதரை, பத்து அடித் துடுப்புகளுக்கு இது அதிகம் முரண்படவில்லை.

கணக்குக்குப் பிறகு உடம்பு. கவைகள் தண்ணீருக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, இருக்கை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வலிப்பவரின் கை நீளம் என்ன என்பதையெல்லாம் காகிதத்தில் போட முடியாது. படகைத் தண்ணீரில் இறக்கி, ஏற்ற வேண்டிய ஆட்களையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். துடுப்பின் தட்டையான இலை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது கைகள் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே நிற்க வேண்டும். இரண்டு பிடிகளுக்கும் நடுவே ஒரு கை முஷ்டி அளவு இடைவெளி போதும். பிடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கட்டைவிரல் நசுங்கும். அதுவும் சுழலுக்கு நடுவில்தான் நசுங்கும்.

நீளம் அதிகமானால் ஒடுங்கிய ஓடையில் பாறைக்குப் பாறை இடிக்கும். குறைந்தால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு இழுக்க நேரும்.

அடுத்து மரமா, செயற்கைப் பொருளா என்ற சண்டை. அலுமினியக் காம்பு மலிவு. ஆனால் குளிர்ந்த காலையில் கை விறைக்கும். பாறையில் சிக்கி வளைந்தால் வளைந்தபடியே இருக்கும். கண்ணாடியிழை, கார்பன் இழைகளில் செய்த காம்புகள் எடை குறைவு. இலை உடைந்தால் இலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய அலைகளில் இவற்றின் விறைப்பு உதவுகிறது: இழுத்த கணத்தில் படகு நகரும். ஆனால் நாள் முழுக்கப் படகை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் மீன்பிடி வழிகாட்டிக்கு அதே விறைப்பு முழங்கையிலும் தோளிலும் போய் உட்காரும். மரம் ஒவ்வொரு இழுப்பிலும் சற்றே வளைந்து, இழுப்பின் முடிவில் நிமிரும். அந்தச் சிறு வளைவு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. தோள் போனால் தொழில் போயிற்று என்ற நிலையில் உள்ளவர்களில் கணிசமானோர் இன்னும் மரத்தைக் கைவிடாததற்குப் பழமைப் பற்று மட்டும் காரணமல்ல.

மரத்திலும் ஆஷ் மரத்துக்குத்தான் மதிப்பு. பேஸ்பால் மட்டைகளுக்கும் சுத்தியல் காம்புகளுக்கும் பயன்படும் கெட்டியான, வளைந்து கொடுக்கும் மரம். ஸ்ப்ரூஸ் அதைவிட இலேசு. ஆனால் அடி தாங்காது. வாங்கும்போது பார்க்க வேண்டியது வார்னிஷின் பளபளப்பை அல்ல, அதன் அடியில் ஓடும் ரேகையை. ரேகைகள் பிடியிலிருந்து இலை வரை காம்போடு ஒட்டி நீளமாக ஓட வேண்டும். பாதி வழியில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால், பின்னொரு நாள் துடுப்பு ஒடியப்போவது அந்த இடத்தில்தான். காம்பில் கணு இருந்தால் தொடவே வேண்டாம். துப்பாக்கியைக் குறிபார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். இரண்டு முனைகளையும் கட்டைகளின் மேல் வைத்து நடுவில் அழுத்தினால் ஜோடியில் இரண்டும் ஒரே அளவு வளைய வேண்டும். வேறு வேறு அளவில் வளையும் ஜோடி, படகை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்த ஆஷ் மரத்துக்கே இப்போது ஆபத்து. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002இல் மிஷிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தைப் பட்டினி போட்டுக் கொல்கின்றன. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிச் செத்திருக்கின்றன. 2022இல் வண்டு ஓரிகனுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஆற்றோரம் வளரும் உள்ளூர் ஆஷ் மரத்தின் நிழல்தான் பல ஓடைகளில் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. சால்மனும் டிரவுட்டும் குளிர்ந்த நீரின் மீன்கள். துடுப்புக்கு மாற்றுப் பொருள் கிடைத்துவிடும். அந்த நிழலுக்கு மாற்று எளிதல்ல.

இலையின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும். அகன்ற இலை தண்ணீரை நன்றாகப் பற்றும், தோளையும் பதம் பார்க்கும். ஆழமில்லாத, கல் நிறைந்த ஆறுகளுக்குக் குட்டையான அகன்ற இலை உண்டு. கொஞ்சம் மூழ்கினாலே வேலை செய்யும். இலையின் முனைக்குக் கெட்டியான காப்பு இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் துடைப்பமாகிவிடும்.

விளம்பரங்கள் எடையைப் பற்றியே பேசுகின்றன. எடையைவிட முக்கியம் சமநிலை. கவைக்கு வெளியே உள்ள பகுதி நீளமானது என்பதால், கையை எடுத்தால் இலை தானாகத் தண்ணீரில் விழும். பிடியின் பக்கம் காம்பைச் சதுரமாகத் தடிக்கவிட்டோ, ஈயம் வைத்தோ இந்தப் பாரத்தைக் குறைக்கிறார்கள். மொத்த எடை கூடுகிறது. வலிப்பவருக்கோ இலேசாகத் தெரிகிறது. கடையில் தூக்கிப் பார்த்துத் துடுப்பு வாங்குவது இதனால்தான் வீண்.

கவை உரசும் இடத்தில் கயிறு சுற்றியோ பிளாஸ்டிக் உறை போட்டோ காம்பைக் காப்பாற்ற வேண்டும். இலை திரும்பாமல் நிறுத்தும் சாதனமும் கிடைக்கிறது. புதியவர்களுக்கு அது வரப்பிரசாதம். கைதேர்ந்தவர்கள் காற்று எதிர்க்கும்போது இலையைப் படுக்கவைக்க வேண்டுமே என்று அதைத் தவிர்க்கிறார்கள். பிடிக்கு மட்டும் வார்னிஷ் கூடாது. வெறும் மரத்தில் எண்ணெய் தேய்த்தால் போதும். வார்னிஷ் போட்ட பிடி மத்தியானத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழுப்பிவிடும்.

கடைசியாக, பலர் செலவு என்று நினைத்து விட்டுவிடும் மூன்றாவது துடுப்பு. ஆற்றின் போக்கில் முன்னால் நீட்டிய இலை பாறை இடுக்கில் மாட்டினால், படகின் மொத்த எடையும் அந்தக் காம்பின் மேல் ஏறும். காம்பு ஒடியும், அல்லது கவையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், அல்லது பிடி வலிப்பவரின் நெஞ்சில் இடிக்கும். ஒற்றைத் துடுப்போடு மிதவைப் படகைப் பின்னோக்கி இழுக்க முடியாது. அது சுற்ற மட்டுமே செய்யும். பக்கவாட்டில் பாறையில் போய் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறிப் படகைக் கவிழ்க்க அதிக நேரம் ஆகாது. எனவே உபரித் துடுப்பும் மற்ற இரண்டின் அதே நீளத்தில், உறையும் தடுப்பு வளையமும் ஏற்கனவே பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். உடைந்த பழைய துடுப்பை ஒட்டுப் போட்டு உபரியாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதை ஆற்றுக்குக் கொண்டுவராமலே இருக்கலாம். மீன் கூடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அடியில் அதைக் கட்டிவைப்பதும் வேண்டாம். வலிப்பவர் எழுந்திருக்காமல் கை நீட்டினால் எட்ட வேண்டும், கட்டு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். பருவம் தொடங்குமுன் அமைதியான நீரில் ஒரு துடுப்பை வேண்டுமென்றே கழற்றிப் போட்டு, உபரியைக் கவையில் மாட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பத்துக்கு மேல் போனால் கட்டும் இடத்தை மாற்ற வேண்டியதுதான்.