விபத்து நடந்த பிறகு இ.எஸ்.ஐ. போடுவதா?

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட்டுகளில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஓவர்லாக் மெஷினில் விரலில் ஊசி ஏறிவிடும். முதலாளி பதறிப்போய்த் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பில் கைக்கு வந்த பிறகு ஆடிட்டருக்கு போன் போகும்: "இந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. போட்டுடலாமா சார்?"

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யை அப்போது போட்டால், பதிவு விபத்துக்குப் பிந்தியது என்பதைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். விசாரணை வரும், செலவு முதலாளி தலையில் விழும்.

செலவுக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் 12 பேர் இருந்தால் முதலாளிக்கு மாதம் ஆகும் செலவு 5,850 ரூபாய். ஒரே ஒரு விரல் ஆபரேஷன் இதைப்போலப் பல மாதத் தொகையை விழுங்கிவிடும்.

பத்துப் பேர் இருந்தாலே பதிவு கட்டாயம். 12 பேரை வைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயர் மட்டும் எழுதுவது தந்திரமல்ல, ஆபத்து. ஒருமுறை இ.எஸ்.ஐ.க்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது.

பதிவு இ.எஸ்.ஐ. இணையதளத்திலேயே முடியும். நிறுவனத்துக்கு 17 இலக்கக் குறியீட்டு எண்ணும், ஆளுக்கு ஒரு 10 இலக்க எண்ணும் கிடைக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரையும், வேலைக்குச் சேர்ந்த அன்றே ஏற்றிவிட வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, குடும்பத்தார் பெயர், எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். மனைவி பெயர் ஏறாமல் போனால், பிரசவ நேரத்தில்தான் அது தெரியவரும். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வேலையில் காயம்பட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் உண்டு. ஆனால் முதலாளி விபத்து அறிக்கையை உடனே அனுப்ப வேண்டும். மருத்துவர் தரும் சான்றிதழைத் தொழிலாளி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு தாளும் இல்லாமல் பணம் வராது.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்து இல்லை, கிளை அலுவலகத்தில் "நாளைக்கு வா" என்கிறார்கள் என்ற புகார்களும் உண்மைதான். நோயாளியை நாலு முறை அலையவிடும் அதிகாரிகளுக்கு, அது ஒரு கூலிக்காரரின் நாலு நாள் சம்பளம் என்பது உறைக்க வேண்டும். ஆனால் வாய்ப்பேச்சாகச் சொன்ன புகார் நிற்காது. எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் கோவை துணை மண்டல அலுவலகத்துக்குப் போங்கள்.

தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. பிடித்தம் நடக்கிறது என்பதால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் 10 இலக்க எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் சந்தா ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். கையில் எண்ணே இல்லையென்றால், இந்த மாதச் சம்பளம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.