கால் ஏன் கவராயம் போடுகிறது?

பக்கவாதம் வந்து தேறிய ஒருவர் தெருவில் நடந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கால் இயல்பாக முன்னே வருகிறது. மற்றக் கால் முழங்காலில் மடங்காமல், விறைத்தபடி, வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுச் சுற்றி வந்து தரையில் ஊன்றுகிறது. கணிதப் பெட்டியிலுள்ள கவராயம் காகிதத்தில் வில் வரைவது போன்ற நடை அது. அவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பாருங்கள். ஒன்றின் முனை மட்டும், அதிலும் சுண்டுவிரல் பக்கம், மிகுதியாகத் தேய்ந்திருக்கும்.

அரைவட்டத்திற்குக் காரணம் எளியது. நாம் நடக்கையில் முன்னே வீசும் காலை முழங்காலில் மடக்கிக் குட்டையாக்குகிறோம்; பாதத்தின் முனையையும் சற்று மேலே தூக்குகிறோம். இவ்விரண்டும் நடவாவிட்டால் கால் நீளமாகிவிட்டது போலாகும். நீண்ட கால் நேராக வந்தால் தரையில் இடிக்கும். சுற்றித்தான் வர வேண்டும்.

அப்படியானால் கோளாறு காலிலா, மூளையிலா? "மூளையில்" என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சரியான விடைதான். ஆனால் அது பாதி விடை.

ஒரே பெயர், இரு நோய்கள்

நம் மொழியில் இளம்பிள்ளை வாதமும் வாதம், பக்கவாதமும் வாதம். (மூட்டு வீங்கும் முடக்குவாதமும் வாதந்தான், அது மூட்டு நோய், இங்கே வேண்டாம்.) பெயர் ஒன்றாயினும் இரண்டும் காலை முடக்கும் வழி வேறு.

மூளையிலிருந்து காலுக்குக் கட்டளை இரண்டு கட்டங்களாகச் செல்கிறது. மூளையின் மேற்பரப்பில் தொடங்கும் நரம்பிழை முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்தில் இறங்குகிறது. அங்கே இருக்கும் இரண்டாவது நரம்பணு கட்டளையை வாங்கித் தசைக்கு அனுப்புகிறது. இளம்பிள்ளை வாதக் கிருமி கொல்வது இந்த இரண்டாவது நரம்பணுவை. அதை இழந்த தசை அநாதையாகிக் குச்சிபோல் சூம்பிவிடுகிறது. பக்கவாதத்தில் நிகழ்வது வேறு. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ முதல் கட்டம் அழிகிறது. தண்டுவட நரம்பணு உயிரோடுதான் இருக்கிறது. மேலதிகாரி வராத அலுவலகம் போல, கட்டளை இல்லாவிட்டாலும் அது தன்போக்கில் இயங்குகிறது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால், நாமாக அசைக்க முடியாத அதே கால், சில வாரங்களுக்குப் பின் அளவுக்கு மீறி உதைப்பதைக் காணலாம்.

தசைக்கு நரம்புத் தொடர்பு அறவில்லை. ஆகவே தசை நலமாகக் காத்திருக்கிறது, கட்டளை திரும்பினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று.

கயிறே மாறிவிடுகிறது

தாக்குதலுக்குப் பின் முதலில் துவண்டு கிடக்கும் கால் வாரங்கள் செல்லச் செல்ல விறைக்கத் தொடங்குகிறது. கெண்டைக்கால் தசை குதிகாலை மேலே இழுத்துக்கொள்ள, பாதத்தின் முனை கீழே தொங்குகிறது. இது முழுவதும் நரம்பின் மிகைத் தூண்டல் என்றே கருதப்பட்டது. 1981-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் டீட்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் இத்தகைய நோயாளிகளை நடக்கவிட்டு, கெண்டைக்கால் தசையில் எழும் மின்துடிப்புகளைப் பதிவு செய்தனர். நரம்பு மிகையாகத் தூண்டினால் மின்துடிப்பும் மிகுந்திருக்க வேண்டுமன்றோ? மிகுந்திருக்கவில்லை. ஆயினும் தசை முறுக்கேறி நின்றது. இழுப்பவன் கை ஓங்கியது மட்டுமல்ல, கயிறே மாறிவிட்டது என்பது அதன் பொருள்.

கயிற்றில் என்ன மாறியது? தசையிழை என்பது ஒரு சங்கிலி. அதன் கண்ணிகளுக்குச் சார்க்கோமியர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 400 கண்ணிகள் அடங்கும். 1972-இல் தபாரி என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கோல்ட்ஸ்பிங்க் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் மற்றும் சிலரும் பூனைகளின் காலில் மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கெண்டைக்கால் தசை குறுகியிருக்கும் நிலையில் கட்டுப் போட்டபோது, நான்கே வாரங்களில் கண்ணிகளில் 40 சதவீதம் மறைந்துவிட்டன. நீண்டிருக்கும் நிலையில் கட்டியபோது 20 சதவீதம் கூடின! எந்த நீளத்தில் வைக்கிறோமோ அந்த நீளத்திற்குத் தசை தன்னையே வெட்டித் தைத்துக்கொள்கிறது. கட்டைப் பிரித்த நான்கு வாரங்களில் கண்ணிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பின.

பக்கவாத நோயாளியின் காலுக்கு யாரும் மாவுக்கட்டுப் போடுவதில்லை. ஆனால் படுக்கை அந்த வேலையைச் செய்கிறது. மல்லாந்து கிடப்பவரின் பாதம் தன் எடையாலும் போர்வையின் எடையாலும் முன்னே சாய்கிறது. கெண்டைக்கால் தசை இரவும் பகலும் குறுகியே இருக்கிறது. சில வாரம் கழித்து அவரை நிறுத்தினால் குதிகால் தரையைத் தொட மறுக்கிறது.

தசையின் அளவும் குறைகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆய்வாளர்கள், தாக்குதல் நிகழ்ந்து ஆறு மாதங்களுக்கு மேலானவர்களின் தொடைகளைப் படம் பிடித்து அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட தொடையில் தசையின் பரப்பு மற்றத் தொடையைவிட 20 சதவீதம் குறைவு. தசைக்குள் ஊடுருவிய கொழுப்போ 25 சதவீதம் அதிகம்.

இழைகளின் வகைகூட மாறுகிறது. நாட்டுக்கோழியின் கால் கறி சிவந்திருக்கும், நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். கோழி நாளெல்லாம் நடக்கிறது, எப்போதாவதுதான் பறக்கிறது. நடக்கும் தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காத இழைகளும், பறக்கும் தசையில் விரைந்து சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் இழைகளும் மிகுதி. நம் தசைகளில் இரண்டும் கலந்திருக்கின்றன. பக்கவாதம் தாக்கிய காலில் முதல் வகை குறைந்து இரண்டாம் வகை ஓங்குகிறது. நடப்பதற்கென்று அமைந்த கால் நடைக்கு ஒவ்வாத காலாகிறது. போதாக்குறைக்கு, கவராய நடைக்கு இயல்பான நடையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை ஆற்றல் செலவாகிறது. களைத்தவர் உட்காருகிறார், உட்கார்ந்தால் தசை மேலும் குறைகிறது, அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் களைக்கிறார். சும்மா இருப்பதால் நல்ல காலும் இளைத்துப்போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூளையின் பங்கு

மூளை என்ன செய்கிறது? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 804 நோயாளிகளை முதல் நாளிலிருந்து தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் 51 சதவீதத்தினரால் நடக்கவே முடியவில்லை. 37 சதவீதத்தினர் மட்டுமே துணையின்றி நடந்தனர். சிகிச்சை முடிவில் 21 சதவீதத்தினர் இறந்திருந்தனர். ஆனால் துணையின்றி நடந்தவர்கள் 50 சதவீதமாகியிருந்தார்கள். முன்னேற்றம் பெரும்பாலோரிடம் முதல் 11 வாரங்களுக்குள் நிகழ்ந்தது. தசை கெடுவதும் இதே வாரங்களில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பதினோரு வாரத்தோடு கதவு அடைபட்டுவிடுகிறதா? நியூயார்க் சிட்டி கல்லூரிப் பேராசிரியர் பெத்ரோ பாக்-இ-ரீத்தா 1959-இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். மருத்துவமனைப் பயிற்சியில் அதிகப் பயன் தெரியவில்லை. மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவர் மகன் ஜார்ஜ், தந்தையைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். பயிற்சி முறை எதுவும் அவருக்குத் தெரியாது. குழந்தை முதலில் தவழ்கிறது, பிறகே நடக்கிறது. தந்தையும் தவழட்டும் என்று தீர்மானித்தார். வலுவிழந்த பக்கத்தைச் சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் தவழ வைத்தார். பிறகு முழங்காலில் நிற்றல், பிறகு எழுந்து நிற்றல், பிறகு நடை. பேராசிரியர் மீண்டும் வகுப்பெடுக்கச் சென்றார். சில ஆண்டுகளுக்குப் பின் கொலம்பியா நாட்டில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். அவர் மூளையைச் சோதித்தபோது, மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் மிகப் பெரும்பகுதி அழிந்திருந்தது. அழிந்தது திரும்ப முளைக்கவில்லை. மிஞ்சியதைக் கொண்டு மூளை வேலையைப் பங்கிட்டிருக்கிறது. இன்னொரு மகனான பால், மூளை மாறவல்லது என்பதை ஆராய்வதையே தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார்.

எவ்வளவு, எப்போது?

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் பிறர் காலைப் பிடித்து நீவுவதும் நீட்டி மடக்குவதும் மட்டும் கண்ணிகளைக் காப்பாற்றிவிடுவதில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, உடல் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கெண்டைக்கால் தசை நீள்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும்போதுதான் தொடைத்தசை வேலை செய்கிறது.

அதற்காக முதல் நாளே அவரை எழுப்பி நடக்கவிடலாமா? ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டார்கள். 24 மணி நேரத்திற்குள் தொடங்கி மிகுதியாக நடமாட வைக்கப்பட்டவர்களில் மூன்று மாத முடிவில் நன்கு தேறியவர்கள் 46 சதவீதம். வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 50 சதவீதம். பிந்தியவர்களும் படுத்தே கிடக்கவில்லை. பெரும்பாலோர் ஒரு நாளளவில் எழுப்பப்பட்டவர்களே. அளவுதான் வேறு. தொடக்க நாட்களில் சிறிது சிறிதாகப் பல முறை என்பதே ஏற்றது. எப்போது, எத்தனை நிமிடம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

விலையுயர்ந்த இயந்திரம் இல்லையே என்று ஏங்குவோருக்கு அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும். சிலரை உடலைத் தாங்கிப் பிடிக்கும் வாரில் தொங்கவிட்டு ஓடுபட்டை இயந்திரத்தில் நடக்க வைத்தார்கள். வேறு சிலருக்கு உடற்பயிற்சி மருத்துவர் வீட்டுக்கே சென்று வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைத் தந்தார். ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 சதவீதத்தினரின் நடைத்திறன் ஒரு படி உயர்ந்திருந்தது. இயந்திரத்தாருக்கும் வீட்டாருக்கும் வேறுபாடு இல்லை. தாக்குதல் நிகழ்ந்து ஆறு மாதம் கழித்தே இயந்திரப் பயிற்சியைத் தொடங்கிய ஒரு பிரிவினரும் அதில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களும் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை.