ஆலயத்துக்கு அரசர் வந்தால் தலைவணங்க வேண்டுமா?

பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் 1997 அக்டோபரில் கொச்சிக்கு வந்தபோது, மட்டாஞ்சேரி யூத ஆலயத்துக்கும் ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கும் சென்றார். இப்படி ஒரு விருந்தினர் வழிபாட்டுத் தலத்துக்கு வரும்போதெல்லாம், எழுந்து நிற்பதா, குனிவதா, கைகூப்புவதா என்ற குழப்பம் வருவது இயல்பு.

குனிவது கட்டாயமா?

இல்லை. கட்டாய விதி எதுவும் கிடையாது என்று பிரிட்டன் அரச குடும்பமே சொல்கிறது. மரபைப் பின்பற்ற விரும்பும் ஆண்கள் கழுத்தை மட்டும் லேசாகத் தாழ்த்துவார்கள். இடுப்பை வளைத்துக் குனிவது அங்கே வழக்கமில்லை. பெண்கள் ஒரு காலைச் சற்றுப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி நிமிர்வார்கள். கைகுலுக்குவதென்றால் அரச விருந்தினர் முதலில் கை நீட்டும்வரை காத்திருப்பது பழக்கம். இந்தியர்களுக்கு அவர் அரசரும் அல்ல. கைகூப்பி வணக்கம் சொன்னாலே மரியாதைதான்.

வழிபாட்டின்போது?

ஆலயத்துக்குள் முதல் மரியாதை பீடத்துக்கு. அரசர் வழக்கமாகக் கடைசியாக வருவார். சபையார் எழுந்து நிற்பார்கள். வழிபாடு முடிந்து அவர் வெளியேறிய பிறகே மற்றவர்கள் கிளம்புவது வழக்கம். 2011 ஏப்ரல் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த இளவரசர் வில்லியம் - கேட் திருமணம், முதல் மரியாதை பீடத்துக்கே என்பதற்கு நல்ல உதாரணம். சடங்கெல்லாம் முடிந்து பீடத்தை விட்டு வெளியே நடக்கும்போதுதான் மணமக்கள் ராணியின் முன் நின்றார்கள். வில்லியம் தலை தாழ்த்தினார், கேட் முழங்கால் மடக்கினார்.

அரசர் யாரை வணங்குவார்?

1953இல் எலிசபெத், முடிசூடுவதற்கு முன் மடாலயத்தின் நான்கு பக்கமும் திரும்பி, கூடியிருந்தவர்களை நோக்கித் தானே முழங்கால் மடக்கினார். 2023 மே 6 அன்று தன் முடிசூட்டு விழாவில் மன்னர் சார்லஸ் பீடத்தின் முன் மண்டியிட்டு ஜெபித்தார். அவருக்கு முன்னால் மகன் வில்லியம் மண்டியிட்டது, கிரீடம் தலையேறிய பிறகுதான். கடவுளுக்குப் பிறகே அரசர் என்ற இந்த வரிசை கேரளத்துக்குப் புதிதல்ல. 1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, பத்மநாப தாசராக, அதாவது அந்த இறைவனின் சேவகராக, ஆண்டார்.

கொச்சி ஆலயத்தில் என்ன விசேஷம்?

புனித பிரான்சிஸ் ஆலயம் 1503இல் போர்ச்சுக்கீசியர் தொடங்கியது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள்; எச்சங்கள் பின்னர் போர்ச்சுக்கலுக்குப் போய்விட்டன. 1663இல் டச்சுக்காரர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, ஆலயம் பின்னர் ஆங்கிலிக்கன் சபையிடம் வந்தது. அந்தச் சபையின் பொதுப் பிரார்த்தனை நூலில் அரசருக்கென்றே தனி ஜெபம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநரும் அரசரே. ஆலயத்தின் பெஞ்சுகளுக்கு மேலே இன்றும் தொங்கும் துணி விசிறிகள் அந்தக் காலத்து அதிகாரத்தைக் காட்டுகின்றன. அவற்றின் கயிறுகள் சுவரைத் தாண்டி வெளியே போகும். அப்போது உள்ளே ஆராதனை நடக்க, வெளியே நின்று வேலையாட்கள் இழுத்தார்கள்.

சுதந்திரம் கிடைத்த சில வாரங்களில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. புனித பிரான்சிஸ் ஆலயம் இன்று அந்தச் சபையைச் சேர்ந்தது. ஆகவே 1997இல் ராணி இங்கே நுழைந்தது விருந்தினராகத்தான். ஆலயத்தின் மீது அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அப்படியானால் முறை எது?

அந்தந்தத் தலத்தின் முறையே முறை. அதே பயணத்தில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போன ராணி, காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே நடந்தார். விருந்தினரே அப்படி நடந்துகொள்ளும்போது, வரவேற்பவர்கள் புதிதாக வளையப் பழகத் தேவையில்லை. பீடத்துக்கு வழக்கமான வணக்கம், வருபவருக்கு எழுந்து நின்று ஒரு கைகூப்பல், அவ்வளவு போதும்.