சூரியப் புள்ளியும் பஞ்சத்தின் கணக்கும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். மழை பொய்த்தால் முதலில் அணைவது நம் வீட்டு அடுப்பு. ‘வானம் செய்த வினை’ என்றே நமக்குச் சொல்லி வந்தார்கள். வானம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று இந்த நினைவுரையில் பிரித்துப் பார்ப்போம்.

விண்வெளியிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் பூமிக்கு வருகின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். இவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் உயரே சென்று, இவை மேலிருந்து வருவதை உறுதி செய்தார்.

சூரியனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. புள்ளிகள் பெருகும் காலத்தில் பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்கள் குறைகின்றன; புள்ளிகள் குறையும்போது அவை கூடுகின்றன. பல ஆண்டு அளவீடுகளைக் கொண்டு 1954இல் இதைக் காட்டியவர் ஸ்காட் ஃபோர்புஷ்.

காரணம் இதுதான். சூரியனிலிருந்து மின்துகள்கள் காற்றுப்போல வீசுகின்றன. சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துச் செல்கின்றன. ஆடிக் காற்றில் எதிரே சைக்கிள் மிதிப்பவர் திணறுவார், லாரி திணறாது. அதுபோல, வெளியிலிருந்து வரும் துகள்களில் ஆற்றல் குறைந்தவை இந்தக் காந்தச் சிக்கலில் சிதறித் திரும்புகின்றன. ஆற்றல் மிக்கவை கடந்து வருகின்றன. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் சிக்கல் கூடுவதால் வரத்து குறைகிறது.

துருவப் பகுதிக் கருவிகளில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை தெரியும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். பூமியின் காந்தப்புலமே ஆற்றல் குறைந்த துகள்களை இங்கே தடுத்துவிடுகிறது. அதனால் நம் பக்கத்தில் மாற்றம் சில விழுக்காடுதான். அதையும் அளக்கிறார்கள். ஊட்டியில் டாடா ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புடையது. 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியின் காந்தக் கவசத்தைச் சுமார் இரண்டு மணி நேரம் தளர்த்தியதை அது பதிவு செய்தது.

சூரியன் இவ்வளவு செய்வது உண்மை. இந்த உண்மையின் மேல் ஏற்றப்பட்ட பொய்யைப் பார்ப்போம். 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. நிலமற்ற கூலிகளே அதில் அதிகம் மடிந்தார்கள். அப்போது 1877இல், ஆங்கில அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டர், தென்னிந்தியப் பஞ்சங்கள் சூரியப் புள்ளிச் சுழற்சியோடு வருகின்றன என்று எழுதினார். தானிய ஏற்றுமதியை அரசு தடுக்கவில்லை. நிவாரண வேலை செய்தவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார் ரிச்சர்ட் டெம்பிள். இந்த இரண்டு முடிவுகளையும் எடுத்தது சூரியன் அல்ல. மழை பெய்யாதது இயற்கை. விளைந்த தானியம் பசித்தவருக்கு வராதது ஆட்சி.

பருவமழையைச் சூரியனில் தேடும் அந்த ஆவலிலிருந்துதான் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்தது. மழையை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் அங்கே கிடைக்கவில்லை. நூறாண்டைத் தாண்டிய சூரியப் படங்களின் பெருஞ்செல்வம் கிடைத்தது.

இன்றும் பழைய சாக்கு புது உருவில் வருகிறது. காஸ்மிக் கதிர்கள் மேகத்தை உருவாக்குகின்றன, ஆகவே புவி வெப்பமாதலுக்குச் சூரியனே காரணம் என்கிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ‘கிளவுட்’ சோதனை இதை ஆராய்ந்தது. துகள்கள் உருவாவதில் கதிர்களுக்குப் பங்கு உண்டு. இன்றைய காலநிலையை மாற்றும் அளவுக்கு அது இல்லை. 1950களுக்குப் பிறகு காஸ்மிக் கதிர்கள் சுழற்சிக்கேற்ப ஏறி இறங்கியிருக்கின்றன. வெப்பமோ ஏறிக்கொண்டே போகிறது. காரணம், எரிக்கப்பட்ட நிலக்கரியும் எண்ணெயும்.

மாணவர்களே, இயற்பியலை ஆழமாகப் படியுங்கள். சூரியனின் பங்கு எவ்வளவு என்று அளக்கத் தெரிந்தவருக்கே மீதி யாருடைய பொறுப்பு என்று கேட்கும் தெளிவு வரும். அடுத்த வறட்சியில் மழைமானியின் கணக்கைப் பார்ப்போம். கூடவே கண்மாய் யார் கையில், மடை யாருக்குத் திறக்கிறது, ரேஷன் அரிசியும் வேலைக்கூலியும் சேரிக்கு வந்தனவா என்ற கணக்கையும் கேட்போம்.