பாக் லைட் நீங்களே மாட்டப் போறீங்களா? ஒயரிங் படத்தைப் பார்த்துட்டு கை வைங்க!

சென்னை ஜி.பி.ரோட்டில் ஒரு ஜோடி பாக் லைட் வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே காரில் மாட்டுபவர்கள் உண்டு. ஒயரிங் படம் கையில் இருக்கும். அதைக் கசக்கிப் போட்டுவிட்டு ஹெட்லைட் ஒயரில் சொருகி விடுகிறார்கள். வினையே அங்கேதான்.

55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வருது. இவ்வளவு கரண்டை சின்ன ஒயர் தாங்காது. சூடாகி உருகும், வண்டியே பற்றி எரியலாம். அதுக்குத்தான் நடுவில் ரிலே.

படத்தில் ரிலேவுக்கு நாலு எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பிளஸ். 87-ல் இருந்து விளக்குக்கு ஒயர் போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு: ஒன்றில் சுவிட்ச், இன்னொன்றில் எர்த். சுவிட்சைத் தட்டியதும் காயில் காந்தமாகி 30-ஐயும் 87-ஐயும் சேர்த்துவிடும். 'டிக்'னு கேட்குதே, அந்த சத்தம்தான்.

ஐந்து கால் ரிலேவா? நடுவில் இருக்கும் 87ஏ-வில் மாட்டிடாதீங்க. சுவிட்ச் போடாமலே விளக்கு எரியும், காலையில் பேட்டரி காலி!

நிற எழுத்திலும் உஷார். ஜப்பான் வண்டிப் படத்தில் 'பி' என்றால் கறுப்பு, நீலத்துக்கு 'எல்'. ஜெர்மன் படத்தில் 'பி.எல்.' என்றால் நீலம்.

15 ஆம்பியர் பியூசை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்க. விளக்குப் பக்கம் போட்டால், நடுவழியில் ஒயர் உரசி பாடியில் பட்டால் பியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். ஸ்பேனரை எடுத்ததும் முதல் வேலை, பேட்டரி மைனசைக் கழற்றுவது.