கம்ப்யூட்டர் சொல்ற சட்டமும் நம்ம கையெழுத்தும்



சென்ற மாதம் ஒரகடம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கூட்டமைப்புக் கூட்டம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டு கையெழுத்துக்குச் சுற்றி வந்த நேரத்தில், அக்கா ஒருவர் கட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து எங்களிடம் நீட்டினார். தபாலில் வந்த வக்கீல் நோட்டீஸ். மூன்று பக்கமும் இங்கிலீஷ். அனுப்பியவர் கூடப்பிறந்த அண்ணன். "அப்பா நிலம் 1998-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது. கல்யாணத்தில் போட்ட நகைதான் உன் பங்கு. 15 நாளில் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்." இதுதான் சாரம். நோட்டீஸ் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

எங்களுக்குத்தான் பதற்றம். அக்கா நிதானமாக இருந்தார். "பேத்தி போன்ல போட்டோ புடிச்சு அந்த ஏ.ஐ.கிட்ட கேட்டுட்டா மேடம். பொண்ணுக்குச் சமபங்கு உண்டு, இந்த நோட்டீஸ் உங்களைக் கட்டுப்படுத்தாது, பதில் போடணும்னு கட்டாயம் இல்லைன்னு தமிழ்லயே சொல்லிடுச்சு" என்றார். பேத்தி பிளஸ் டூ முடித்து கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் பொண்ணு. பக்கத்தில் இருந்த செயலாளர், "பரவாயில்லையே, வக்கீல் பீஸ் மிச்சம்" என்று சிரித்தார்.

போன் சொன்னதில் பாதிக்கு மேல் சரிதான். மீதியை நம்பி அக்கா சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறோம். இந்த ஏ.ஐ. என்பது என்ன, கோர்ட்டிலும் வக்கீல் ஆபீசிலும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஏ.ஐ. எப்படிப் பதில் சொல்கிறது?

ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க வைத்து, ஒரு வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வரும் என்று கணிக்கப் பழக்கிய கம்ப்யூட்டர். சட்டப் புத்தகம், தீர்ப்பு, பத்திரிகை, கதை எல்லாம் அது படித்ததில் கலந்திருக்கும். கேட்டவுடனே சரளமாகப் பேசும். தெரியாததையும் அதே சரளத்தில்தான் பேசும்.

நம்ம குழுக் கணக்கை வைத்தே சொல்லலாம். ஒரு பொண்ணு கணக்கு நோட்டு எழுதுகிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு மாத வவுச்சர் காணவில்லை. யாரையும் கேட்காமல், போன மாதம் எவ்வளவு வந்ததோ அதைப் பார்த்துப் பொருத்தமாக ஒரு தொகை போட்டு நிரப்பிவிடுகிறாள். நோட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆடிட்டர் வந்து வவுச்சர் எங்கே என்று கேட்கும்போதுதான் தெரியும். ஏ.ஐ. செய்யும் தப்பும் இதே மாதிரிதான். அவள் ஏமாற்ற நினைத்தாள் என்று யாரும் சொல்ல மாட்டோம். இடம் காலியாக இருந்தது, நிரப்பிவிட்டாள்.

படித்தவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள், ஏ.ஐ. எடுத்துக் கொடுத்த ஆறு பழைய தீர்ப்புகளை மனுவில் காட்டினார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தால் அப்படி ஒரு வழக்கே உலகத்தில் இல்லை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் நாட்டிலும் நடந்தது. வருமான வரித் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் போட்ட ஒரு உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றது தெரிந்து, அந்த உத்தரவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது, கோர்ட்டுகளே இதைப் பயன்படுத்துகின்றன. உச்ச நீதிமன்றம் 2019-ல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டு வந்தது. இங்கிலீஷ் தீர்ப்புகளை அது தமிழ் உள்பட நம் மொழிகளில் மாற்றித் தருகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள். ஏன் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு நீதிபதிகளே மேடையில் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. கோர்ட் பாஷையில் 'லீவ் கிரான்டட்' என்றால் மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுத்தாச்சு என்று அர்த்தம். மெஷின் அதை 'விடுமுறை வழங்கப்பட்டது' என்று இந்தியில் மாற்றிவிட்டதாம். இதைக் கேட்டு எங்கள் பயிற்சிக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நம்ம வீட்டுப் பத்திரத்தில் இப்படி ஒரு வார்த்தை மாறினால் சிரிக்க முடியுமா?

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் வக்கீல்கள் வாதாடுவதைக் கம்ப்யூட்டரே கேட்டு எழுத்தாக்கும் முறையும் தொடங்கியது. நாடு முழுக்க கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு அதே வருடம் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 53 கோடிக்கு மேல் ஏ.ஐ. போன்ற புதிய தொழில்நுட்பத்துக்கு. இன்னொரு பக்கம் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதிமுறை போட்டது. தீர்ப்பு முடிவு செய்வதற்கு ஏ.ஐ.-யைப் பயன்படுத்தவே கூடாது, மற்ற வேலைக்குப் பயன்படுத்தினாலும் மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று. எங்களுக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது.

வக்கீல் ஆபீசுக்கு வருவோம். முன்பெல்லாம் ஜூனியர் வக்கீல் நாள் முழுக்கப் புத்தக அலமாரியில் தேடிய தீர்ப்பை இப்போது நொடியில் கம்ப்யூட்டர் எடுத்துத் தருகிறது. இருநூறு பக்கக் கட்டைச் சுருக்கித் தருகிறது. நோட்டீஸ் வரைவு எழுதித் தருகிறது. கோர்ட் வாசலில் டைப் அடித்துப் பிழைத்தவர்களுக்கும் ஜூனியர்களுக்கும் இது கஷ்டமான காலம்தான். நமக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நோட்டீஸ் எழுதுவது சுலபமாகிவிட்டதால் நோட்டீஸ்கள் அதிகமாக வரும். கடன் நிறுவனங்கள் வாட்ஸ்அப்பிலேயே ஒரே மாதிரி நோட்டீசைப் பல பேருக்கு அனுப்புவதை உங்களில் சிலர் காட்டியிருக்கிறீர்கள். இதற்குள் மோசடியும் புகுந்துவிட்டது. வீடியோ காலில் வந்து கோர்ட் உத்தரவு என்று காட்டி "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், பணம் போடு" என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அக்காவின் நோட்டீஸ்

மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. இது நிறைய பேருக்கு இன்னமும் தெரியவில்லை. அங்கிருந்த பேனல் வக்கீலம்மா நோட்டீசைப் படித்துவிட்டு, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வியாகக் கேட்டார்.

நிலம் அப்பா சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழியில் வந்ததா? அப்பா எந்த வருஷம் தவறினார், உயில் எழுதினாரா? 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் ரிஜிஸ்டர் பண்ணிய பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் தீர்ப்போ உண்டா? உங்களுக்குக் கல்யாணம் எப்போ?

போன் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பேத்தியும் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா யோசித்து யோசித்துச் சொன்னார். ஒரு பகுதி தாத்தா காலத்து நிலம், ஒரு பகுதி அப்பா வாங்கியது. அப்பா தவறியது 2011-ல், உயில் இல்லை. கல்யாணம் 1987-ல்.

வக்கீலம்மா விளக்கியதை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம். இது இந்துக்களுக்கான வாரிசுச் சட்டம். கிறிஸ்தவர், முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா சுயமாக வாங்கிய சொத்தில், உயில் எழுதாமல் அவர் இறந்தால் 1956-ஆம் வருடத்துச் சட்டப்படியே மகளுக்கு மகனோடு சமபங்கு. பூர்வீகச் சொத்துக்குத்தான் கதை நீளம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பங்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு ஏது பங்கு" என்று ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய சட்டம் கல்யாணம் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பங்கு பிறப்பாலேயே வருகிறது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக விற்றதையும் பதிவு செய்து பிரித்ததையும் இந்தச் சட்டத்தை வைத்துக் கிளற முடியாது. வாய்மொழிப் பாகம் என்று சொல்வதைக் கோர்ட் லேசில் ஏற்காது.

ஆக, போன் சொன்ன சமபங்கு சரி. "அப்போ பதில் போடாம இருக்கலாமா?" என்று அக்கா கேட்டார். வக்கீலம்மா, "போடலைன்னா நாளைக்குக் கோர்ட்ல, நாங்க எழுதிக் கேட்டோம், அந்தம்மா மறுக்கலைன்னு சொல்லுவாங்க" என்றார்.

அடுத்து அவர் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தார். சர்வே எண் தெரிந்தால் நாமே பார்க்கலாம், பட்டாவும் அப்படியே. பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் நோட்டீசுக்கு மூன்று மாதம் முந்தி அந்த நிலத்துக்கு ஒரு கிரய ஒப்பந்தம் பதிவாகியிருந்தது. அண்ணன் முன்பணம் வாங்கிவிட்டார்! அவசரம் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் கார் வர ஆரம்பித்ததிலிருந்து நம்ம பகுதியில் நிலத்தின் விலை என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரயம் முடிந்து நிலம் மூன்றாம் ஆள் கைக்குப் போயிருந்தால் அக்கா வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பதில் நோட்டீஸ் 13-ஆம் நாள் போனது. ஒப்பந்தம் போட்டவருக்கும் ஒரு நகல். இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பதிலின் முதல் வரைவை வக்கீலம்மாவும் கம்ப்யூட்டரில்தான் எடுத்தார். பிறகு பேனாவை எடுத்து ஏறக்குறைய பாதியை அடித்துத் திருத்தினார். "இதுல தப்பு வந்தா பார் கவுன்சில்ல பதில் சொல்ல வேண்டியது நான்தானேம்மா" என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். வக்கீலிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அது சட்டம். போனில் உள்ள ஏ.ஐ.-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ஆதார், பத்திரம், குடும்ப நோட்டீஸ் இதையெல்லாம் அப்படியே படம் எடுத்துப் போடாதீர்கள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டும், எந்த ஆபீசுக்குப் போகணும், வக்கீலிடம் என்னென்ன கேட்கணும் என்பதற்குத் தாராளமாகக் கேளுங்கள். பேத்தி கேட்டது தப்பில்லை. அவளால்தான் அக்காவுக்குப் பங்கு இருக்கிறது என்ற தைரியமே வந்தது.

கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு உள்ளவர்கள், வழக்குக்குரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை உங்கள் வக்கீலிடம் கேட்டு குழு நோட்டின் பின் அட்டையிலாவது எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும் இதுவரை என்ன நடந்தது என்பதும் தெரியும். சட்ட உதவிக்குப் போன் எண் 15100.

அக்கா விஷயம் இப்போது சமரசப் பேச்சில் இருக்கிறது. முதல் அமர்வுக்கு அண்ணனும் வந்தார். கிரயம் நிற்கிறது, முன்பணத்தை எப்படித் திருப்புவது என்றுதான் அவர் கவலை. இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது பேத்திக்கு எந்தக் கம்பெனியில் வேலை என்று எங்களிடம் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த அமர்வு வரும் மாதம்.