கப்பர்நகூம் வீடுகள்

திமிர்வாதக்காரனை நால்வர் கூரைவழியாய் இறக்கிய வரலாற்றைப் பிரசங்கிக்கும்போது, நம்மில் பலர் ஓட்டு வீட்டையே மனத்திற்கொள்கிறோம். லூக்கா 5:19இல் வரும் ‘தட்டோடுகள்’ என்னும் சொல்லும் அதற்கு இடந்தருகிறது. கப்பர்நகூமின் மண்ணுக்கடியில் கிடைத்த வீடுகளோ வேறுவகையின.

கலிலேயாக் கடலின் வடகரையிலுள்ள இவ்விடிபாட்டிடத்தை 1894இல் பிரான்சிஸ்கன் துறவியர் விலைக்கு வாங்கினர். அவர்களுள் கோர்போ, லொஃப்ரேதா ஆகிய இருவர் 1968இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சியே சாதாரண மக்களின் குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது. சுவர்கள் செதுக்கப்படாத எரிமலைக் கருங்கற்களால், சுண்ணச் சாந்தின்றி அடுக்கப்பட்டவை. அவை பாரமான கூரையைத் தாங்கமாட்டா. ஆகவே மரக்கட்டைகளைக் குறுக்கே இட்டு, கிளைகளைப் பரப்பி, வைக்கோல் கலந்த களிமண் பூசினர் என்பது ஆய்வாளர் முடிபு. கூரைக்கு ஏற, முற்றத்தில் கற்படிகள் இருந்தன. மாற்கு 2:4இன் கிரேக்க மூலத்தில் ‘தோண்டி’ என்னும் பொருளுடைய வினைச்சொல் நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். ஓட்டுக் கூரையை யார் தோண்டுவார்? லூக்காவோ நகர்ப்புறத்துக் கிரேக்க வாசகர்க்கு அறிமுகமான கூரையைச் சொன்னார் எனக் கொள்வதே பொருத்தம். மொழிபெயர்ப்பாளர் எவரும் செய்வது அதுதானே!

சிற்றறைகள் பல, பொதுமுற்றம் ஒன்றைச் சூழ்ந்திருந்தன. அடுப்புகள் முற்றத்திலேயே இருந்தன; திரிகைக் கற்களும் தூண்டில் முட்களும் கிடைத்துள்ளன. உறவின்முறையார் இத்தகைய முற்றத்தைப் பகிர்ந்து வாழ்ந்தனர் எனலாம். சீமோனும் அந்திரேயாவும் மாமியாரும் ஒரே வீட்டில் காணப்படுவது (மாற்கு 1:29-30) இதனோடு இயைகிறது. பட்டணத்தார் கூடிய ‘வாசல்’ அறையின் வாசலன்று, முற்றத்தின் தெருவாசல் என்றே நான் கருதுகிறேன். தரையும் கரடுமுரடான கருங்கல்லே. கல்லிடுக்கில் விழுந்த வெள்ளிக்காசைத் தேட, இருண்ட அறையில் பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும் (லூக்கா 15:8).

ஓர் எச்சரிக்கை. படங்களில் நாம் காணும் வெண்கல் ஜெப ஆலயம் இயேசு போதித்த ஆலயமன்று. தளத்தின்கீழ்க் கிடைத்த ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கொண்டு, அது கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பர். அதனடியிலுள்ள கருங்கற் சுவர்களை நூற்றுக்கு அதிபதி கட்டிய ஆலயத்தின் எச்சமாகக் கோர்போ கொண்டார். அவை வீட்டுச் சுவர்களாகவும் இருக்கலாம் என்பார் உளர். இவ்விவாதம் முடியவில்லை. பேதுருவின் வீடு எனக் காட்டப்படும் அறையைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. அதன்மேல் 5ஆம் நூற்றாண்டில் எண்கோண ஆலயம் எழுந்தது என்பது மட்டும் உறுதி.